மச்சானின் எலும்புக்குப் போட்ட மெருகு

உலோகச் சாமான் எதையும் என் கையில் கொடுத்தால் முகம் பார்க்கும் அளவுக்கு மின்ன வைத்துத் தருவேன். கோயில் குத்துவிளக்கு, பள்ளிவாசல் படிக்கட்டுக் கைபிடி, தேவாலயத்து மெழுகுதிரிக் கால், மாவட்டக் கச்சேரி வாசல் கேற் என்று மூன்று சமயமும் ஓர் அரசாங்கமும் மன்னாரில் என் பட்டறை வாசலில் வரிசையில் நின்ற காலம் உண்டு. மின்னாத ஒரே சாமான் என்னுடைய மூளை. இதை என் தங்கச்சி இருபது வருடமாகச் சொல்லிவந்தாள். நான் அதைப் பொறாமை என்று நினைத்திருந்தேன்.

தங்கச்சியின் புருஷன்தான் மச்சான். அதற்கு முன்பே அவன் என் சிநேகிதன். தமிழ்நாட்டு அகதி முகாமில் ஒரே வரிசைக் கொட்டிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் அங்கே கடலில் மூழ்கி மூச்சடக்கப் பழகினான். நான் திருச்சிப் பக்கம் ஓர் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் மெருகு போடப் பழகினேன். ஊர் திரும்பியபோது அவனிடம் நல்ல நெஞ்சு இருந்தது. என்னிடம் ஒரு பஞ்சுச் சக்கரமும் இருமலும் இருந்தன.

அவன் சங்கு குளிக்கப் போனான். பிறகு சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கப் போனான். ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம் ஆழத்துக்கு இறங்குவான். மெல்ல மெல்ல நின்று நின்று ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிலிண்டரில் காற்று முடிகிற நேரம் நின்று நின்று ஏறுகிறவன் யார்? விரைவாக ஏறினால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி உண்டாகுமாம். அந்தக் குமிழி எங்காவது போய் அடைக்குமாம். மச்சானுக்கு அது இடுப்பு மூட்டில் போய் அடைத்திருக்கிறது. இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. நாற்பத்தொரு வயதில் அவன் நொண்டத் தொடங்கியபோது வாயு என்று சொல்லி ஒரு வருடம் எண்ணெய் தேய்த்தோம். தேய்த்தவனும் நான்தான். என் கைக்கு எதையாவது தேய்க்காமல் இருக்க முடியாது.

எக்ஸ்ரே எடுத்த பிறகு டொக்டர் சொன்னார்: இடது துடை எலும்பின் உருண்டைத் தலை இரத்தம் இல்லாமல் செத்துவிட்டது, உள்ளே நொறுங்கத் தொடங்கிவிட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும். துடை எலும்புக்குள் இறங்கும் ஒரு தண்டு, அதன் மேலே ஓர் உருண்டை, இடுப்பில் ஒரு கிண்ணம். கடலுக்கு அடியில் போவது இனி இல்லை. ஆனால் நடக்கலாம், படகு ஓட்டலாம். நாள் கடத்தாமல் கெதியாகச் செய்தால் நல்லது என்றார்.

வெளியே வந்து மச்சான் என்னைப் பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தான்.

"எலும்பு செத்துப்போச்சாம். ஆள் உயிரோட இருக்கிறன். இதுக்கு இறப்புப் பதிவு எங்க செய்யிறது?" என்றான்.

"ஊர் விதானையார் கடிதம் தந்தால் செய்யலாம்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். கூட வந்திருந்த தங்கச்சி சிரிக்கவில்லை. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

அது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். மின்சாரம் வந்து போகும், மருந்து வராமலே போகும். இடுப்புச் சாமான் ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்கித் தரவேண்டும் என்றார்கள். நல்ல காலமாக இருந்தால் கடைக்காரனே ஒப்பரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பான். அப்போது அவனிடமும் பெற்றோல் இல்லை. டொக்டர் எக்ஸ்ரேயை அளந்து எழுதித் தந்த துண்டோடு தங்கச்சியே பஸ்ஸில் கொழும்புக்குப் போய், மடியில் பிள்ளையை வைத்திருப்பது போல அந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு வந்தாள். மச்சானின் படகு எஞ்சின்தான் அந்தப் பெட்டிகளாக மாறியிருந்தது. ஒப்பரேஷனுக்கு ஆறு நாள் இருந்தது.

அடுத்த நாள் மச்சான், தண்டு இருந்த பெட்டியை ஓட்டோவில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், உனக்குத்தான் இரும்பு தெரியும். காந்தம் வைச்சுப் பார். கொழும்பில ஏமாத்திப்போடுவாங்கள். பொம்பிளை தனியப் போனவள்."

நான் அப்போது எவ்வளவு பெருமையாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கே கன்னத்தில் போடவேண்டும் போல இருக்கிறது. சாமான் பார்க்கிற ஆள் அல்லவா! பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் இன்னொரு தட்டு, இரண்டுக்கும் மேலே ஒட்டிய தாள். அந்தத் தாளில் ஏழெட்டு மொழியில் என்னவோ எழுதியிருந்தது, தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கிருமி நீக்கியது, கிழிந்திருந்தால் பாவிக்க வேண்டாம் என்று விளங்கியது. விளங்கியும் கிழித்தேன். எப்படியும் ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அவிக்கிறார்கள். இதையும் ஒரு தரம் அவிக்கத்தானே போகிறார்கள் என்று ஓர் எண்ணம்.

காந்தம் ஒட்டவில்லை. நல்ல டைட்டேனியம். கீழ்ப்பாதி ஓரளவு வழுவழுப்பாக இருந்தது. ஆனால் மேல்பாதியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது. சொரசொர என்று, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்த மண்தாள் போல, மங்கிய வெள்ளையாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் நகம் தேய்ந்தது.

"உதென்ன, அரைவாசியில விட்டிருக்கிறாங்கள்?" என்றான் மச்சான்.

"பினிஷிங் செய்யேல்லை," என்றேன். "வேலைக்கு ஆள் இல்லாமல் அப்பிடியே பெட்டியில போட்டு அனுப்பிட்டாங்கள்."

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் தீவில் காற்றே உப்பு. துருப்பிடிக்காது என்று சத்தியம் செய்து விற்கிற கம்பியும் இங்கே வந்து ஒரு மாரிக்குள் புள்ளி விழும். அந்தப் புள்ளி எங்கே விழுகிறது? ஒட்டுப்போட்ட இடத்தில், கீறல் விழுந்த இடத்தில், சொரசொரப்பான இடத்தில். உப்புக்கு ஒளிந்துகொள்ள ஒரு குழி வேண்டும். குழி இல்லாமல் கண்ணாடி போல வழித்துவிட்டால் அது உட்கார இடமில்லாமல் வழுக்கிப் போய்விடும். முப்பது வருடத்தில் நான் படித்த ஒரே பாடம் இதுதான். பொய்யான பாடமும் அல்ல. நான் மெருகு போட்ட, மாதா சிலை நிற்கும் ஒரு சுருவக் கூண்டு பேசாலைப் பக்கம் கடலுக்கு நேர் முன்னால் இன்றைக்கும் புள்ளி இல்லாமல் நிற்கிறது.

"இரத்தம் எப்பிடி இருக்கும்? நக்கிப் பார்த்திருக்கிறியே?" என்று மச்சானைக் கேட்டேன்.

"உப்பாயிருக்கும்."

"அப்ப உன்ர துடைக்குள்ள இருக்கிறதும் எங்கட கடல்தான். இதை இப்பிடியே உள்ளுக்கு வைச்சால் ரெண்டு வருசத்தில துருப்பிடிச்சுக் கால் அழுகும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதையை நான் இதுவரை வேறு யாரிடமும் வாங்கியதில்லை.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. முதலில் கரடுச் சக்கரத்தில் பிடித்தேன். அந்த வெள்ளைப் பூச்சு மா போலப் பறந்து என் மீசையில் படிந்தது. அதன் கீழே உலோகமும் குழி குழியாக இருந்தது. அதையும் வழித்தேன். பிறகு பஞ்சுச் சக்கரம், பொலிஷ் கட்டி. மண்ணெண்ணெயில் துடைத்து, சவர்க்காரத்தில் கழுவி, பழைய ஞாயிற்றுக்கிழமை வேட்டி ஒன்றில் ஒற்றி எடுத்தேன். காசு ஒரு சதம் வாங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"மூஞ்சி தெரியுது மச்சான்."

"அழகான மூஞ்சியோ?"

"என்ர மூஞ்சிதான். ஆனால் இதை உள்ளுக்கு வைச்சுத் தைச்ச பிறகு ஆர் பார்க்கிறது?"

"எக்ஸ்ரேக்காரன் பார்ப்பான். பார்த்துட்டு எனக்கு வேலை தருவான்."

தட்டில் வைத்து, தாளைப் பசை போட்டு ஒட்டி, பெட்டியை மூடினோம். தங்கச்சிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே உண்மையைக் கண்டுபிடித்திருப்பாள் என்றில்லை. ஆனால் பெட்டியை ஏன் திறந்தீர்கள் என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்திருக்கும்.

ஒப்பரேஷன் வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில். முதல்நாளே போய்ப் படுத்தான். காலையில் பச்சை உடுப்பைப் போட்டு, வெறும் வயிற்றோடு தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். பெட்டிகளை நேர்ஸ் மிஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போனா. நானும் தங்கச்சியும் வெளியே இருந்தோம். அவள் செபமாலை சொன்னாள். நான் நாலைந்து வாட்டுக் கட்டில்களின் கால்களைப் பார்த்து, கவனமில்லாமல் துருப்பிடிக்க விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது, டொக்டர் தொப்பியோடு வெளியே வந்தார். கையில் ஒரு தட்டு, தட்டில் என் வேலை. அந்த வெளிச்சத்தில் அது இன்னும் நன்றாக மின்னியது.

"இதை ஆர் திறந்தது?"

"நான்தான் டொக்டர்."

"இதில பூச்சு ஒண்டு இருந்திருக்கவேணும். அது எங்க?"

"அது… பினிஷிங் சரியில்லாமல் இருந்தது. நான் வழிச்சுச் செய்துபோட்டன். நான் பொலிஷ் வேலை செய்யிறனான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். தட்டை வாங்கில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"உடம்பு எந்த உலோகத்தையும் சும்மா தன்ர ஆள் எண்டு எடுக்காது. வழுவழுப்பா ஒண்டை வைச்சால் சுற்றிவர ஒரு சவ்வைக் கட்டித் தள்ளி வைக்கும். அது பிறகு ஆடும். நோகும். எலும்பைத் தின்னும். அதுக்காகத்தான் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கி, அதுக்கு மேல எலும்பில இருக்கிற அதே சுண்ணத்தை உருக்கித் தெளிக்கிறது. எலும்பு அதைக் கண்டு தன்ர சொந்தம் எண்டு நினைச்சு, அந்தக் குழிக்குள்ள எல்லாம் வளரும். மூண்டு மாசத்தில ஆரும் பிடுங்கேலாது. நீங்கள் வழிச்சது அழுக்கு இல்லை. அதுதான் மருந்து."

அப்போது நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். நான் ஊரைச் சிரிக்கவைக்கிற பகிடிக்காரன், ஆனால் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

"டொக்டர், ஒரு கிழமை தாங்கோ. திரும்பச் சொரசொரப்பாக்கித் தாறன். என்னட்ட மணல் அடிக்கிற மெசின் இருக்கு."

 அவர் எழும்பித் தட்டை எடுத்தார். "நல்லாத்தான் வேலை செய்திருக்கிறீங்கள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குத்திக் காட்டவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். என் தொழிலுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை மட்டும் நான் மறக்கவில்லை.

மச்சானுக்குச் சொல்வது என் பொறுப்பானது. தள்ளுகட்டிலிலேயே வெளியே கொண்டுவந்து ஓரமாக விட்டிருந்தார்கள். கையில் ஊசிக் குழாய் ஏற்றியிருந்தது.

"முடிஞ்சுதோ?" என்றான். "நோகவே இல்லை."

"தொடங்கேல்லை மச்சான். இண்டைக்கு இல்லையாம். நான் மெருகு கூடப் போட்டுட்டன்."

டொக்டர் சொன்னதை முழுவதும் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "அப்ப உள்ளுக்கு வைக்கிறதுக்கு முதல் கண்டுபிடிச்சது நல்லது," என்றான். பிறகு, "பசிக்குது. தேத்தண்ணி வாங்கித் தா."  என் தங்கச்சி மதவாச்சிச் சந்தியில் பஸ் மாறும்போதுதான் வாய் திறந்தாள்.

"மன்னார் ரவுனில கழுதையள் எல்லாம் ரோட்டில நிக்குது. ஒண்டு மட்டும் பட்டறை வைச்சிருக்குது," என்றாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை.

ஊரில் என்ன சொல்வது? மச்சான் ஒரு முடிவெடுத்தான். கேட்டவர்களுக்கெல்லாம், "மயக்க மருந்து முடிஞ்சுதாம், திகதி தள்ளிப்போட்டினம்," என்றான். அந்தக் காலத்தில் அதை யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நாட்டை, மந்திரிமாரை, ஆஸ்பத்திரியை எல்லாம் திட்டிவிட்டுப் போனார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பகிடிக்கதை சொல் என்று என்னைத்தான் பிடிப்பார்கள். என்னிடம் இருந்த ஆகச் சிறந்த கதையை நான் சொல்லவில்லை.

ஆனால் காத்திருக்கிற காலம் அவனுக்குச் சும்மா போகவில்லை. எலும்பு இன்னும் நொறுங்கியது. இடது கால் ஒரு விரல் அளவு கட்டையானது. முதலில் ஊன்றுகோல் ஒன்று, பிறகு இரண்டு. இரவும் பகலும் நோவு. நோவுக்கு ஒரு குளிசை தந்திருந்தார்கள், காலையில் ஒன்று மாலையில் ஒன்று. அது போதாமல் போனபோது மருந்துக்கடையில் டொக்டரின் துண்டு இல்லாமலே அட்டை அட்டையாக வாங்கினோம். 'வாங்கினோம்' என்று எழுதுவது ஒரு தந்திரம். வாங்கினவன் நான். செய்ததற்கு ஈடாக எதையாவது செய்யவேண்டும் என்ற தவிப்பில், அவன் கேட்க முன்னமே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஆறு வரை போட்டான். "இது வேலை செய்யுது மச்சான்," என்பான். எனக்கும் மனம் லேசாகும்.

இதற்குள் அந்த டொக்டர் வெளிநாடு போய்விட்டார். அந்த வருடம் யார்தான் போகவில்லை. புதிய டொக்டர் வந்து, வரிசை திரும்பத் தொடங்கி, மச்சானின் பெயர் மேலே வர ஒன்றரை வருடம் எடுத்தது. என் பெரிய மோட்டாரையும் சக்கரங்களையும் விற்று இரண்டாவது தண்டு வாங்கினோம். இந்தத் தரம் தங்கச்சி பெட்டியைக் கொண்டுவந்து அலுமாரிக்குள் பூட்டித் திறப்பைத் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். நான் அந்த அறைக்குள் போனால் பின்னாலேயே வருவாள். நான் ஒரு நாள், "தண்ணி குடிக்கத்தான் வந்தனான்," என்றேன். "தண்ணி குசினியில கிடக்கு," என்றாள்.

திகதிக்கு ஒரு கிழமைக்கு முன் இரத்தம் எடுத்தார்கள். அந்த அறிக்கையைப் பார்த்து மயக்க மருந்து டொக்டரம்மா ஒரு கேள்விதான் கேட்டா: "என்ன நோவுக் குளிசை போடுறீங்கள், எத்தினை?"

மச்சான் இரண்டு என்றான். தங்கச்சி அவனைப் பார்த்தாள். அவன் ஆறு என்றான்.

சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தன. குளிசைதான் தின்றிருக்கிறது. முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தாலும் ஒப்பரேஷனில் இரத்த அழுத்தம் இறங்கும், இந்தச் சிறுநீரகம் அதைத் தாங்காது, இரத்த அறிக்கையில் சிறுநீரகத்தின் இலக்கம் இறங்கினால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டா. எத்தனைக்கு இறங்கவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தா. நோவுக் குளிசை இனி ஒன்றும் கூடாது. வேறு ஒரு குளிசை தந்தா, அது பாதி நோவுக்குத்தான் கேட்கும். மீதிப் பாதியை அவன் பல்லைக் கடித்துத் தாங்குகிறான். பகலில் பிள்ளைகளுக்கு முன்னால் பாட்டுப் பாடுகிறான். நான் போனால் பாட்டை நிறுத்திவிடுகிறான். என்னிடம் நடிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறான் போல. அது எனக்குக் கிடைத்த கௌரவம்.

இப்போது மாதத்துக்கு ஒரு தரம் பாலம் தாண்டிக் கிளினிக்குக்குப் போகிறோம். ஓட்டோவில் அவன் கால் நீட்டிச் சரிந்து இருப்பான். நான் முன்னால் சாரதியோடு அரைக் கதிரையில் ஒட்டிக்கொள்வேன். பெட்டியின் மேல் ஒரு திகதி அச்சடித்திருக்கிறது. அதற்குள் பாவிக்க வேண்டும். தங்கச்சி அதைக் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். மச்சானுக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை பாலத்தில் காற்று பலமாக அடித்தது. இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறு தெரிந்தது.

"பெட்டியில எத்தினை மாசம் கிடக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"ஒன்பது."

"என்ர கிட்னிக்கு அது தெரியுமோ?"

"நீ சொல்லிப் பார். நான் சொன்னால் கேளாது."

அவன் சிரித்தான். சிரிப்பின் நடுவில் ஓட்டோ குழியில் விழுந்ததில், அவன் வாயிலிருந்து வந்த சத்தம் சிரிப்பாக முடியவில்லை. சாரதி வேகத்தைக் குறைத்தார்.

கிளினிக்கில் நாலு மணித்தியாலம் இருந்தோம். பிற்பகல் மிஸ் அறிக்கையைத் தந்தா. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலக்கத்தைப் பார்த்தேன். போன மாதம் பார்த்த அதே இலக்கம். அதற்கு முந்திய மாதமும் அதுதான்.

"என்னவாம்?" என்றான்.

என் வாயில் பகிடி ஒன்று வந்தது. அதை விழுங்கினேன்.

"இறங்கேல்லை மச்சான்."

அவன் தலையாட்டினான். ஊன்றுகோல்களை எடுத்துத் தரச் சொன்னான். எழும்பி நிற்க இரண்டு தரம் பார்த்தான், முடியவில்லை. மூன்றாம் தரம் நான் அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன். வாசல் வரை அப்படியே போனோம், அவன் இடது காலை நிலத்தில் வைக்காமல்.